ஒரு கைக்கு ஒரு குசினி

அடுப்புச் சாம்பலைச் சுளகில் அள்ளிவந்து குசினி நிலம் முழுவதும் மெல்லிதாகத் தூவி முடித்த அன்ரனிட்டா, வாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"இனி ஒரு தேத்தண்ணி போடும் தங்கச்சி. வழமையா எப்பிடிப் போடுறீரோ அப்பிடி. நான் பாக்கிறன் எண்டு வடிவாப் போட வேண்டாம்."

வீட்டுக்காரி கோசலா சாம்பலில் கால் வைக்கத் தயங்கினாள். பிறகு நடந்தாள். தண்ணீர்க் குடத்துக்கு ஒருமுறை, அடுப்புக்கு ஒருமுறை, தேயிலைப் பேணிக்கு எதிர்ப்பக்கச் சுவர், சீனிக்கு மறுபடி குடத்தடி, பால்மாவுக்கு உள்ளறை அலுமாரி. தேநீர் வந்தபோது அன்ரனிட்டா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. சாம்பலில் பதிந்து கிடந்த கால்தடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றின்மேல் ஒன்றாக, குறுக்கும் நெடுக்குமாக, ஒரு சந்தை கலைந்த இடம்போலக் கிடந்தது அந்த நிலம்.

"ஒரு பேணித் தேத்தண்ணிக்கு நாப்பத்திரண்டு எட்டு," என்றார். "மண்டைதீவுச் சந்தியிலை பஸ் ஏற நான் இவ்வளவு நடக்கேல்லை."

அதற்குப் பிறகுதான் ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

புளியங்கூடலில் கோசலாவின் வளவுக்கு அடுத்த வளவு என்னுடையது. முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். படலையடியில் நின்று புதினம் பார்க்க வந்த நான், அன்று மத்தியானம்வரை வீட்டுக்குத் திரும்பவில்லை. அதன் பிறகு மூன்று கிழமையும் அப்படியேதான் போயிற்று.

அன்ரனிட்டாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஊர் மண்டைதீவு. கணவர் கடலில் கூடை இறக்கி நண்டு பிடிக்கிறவர். அன்ரனிட்டா நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கருவாடு காயப்போடப் போனவர், பிறகு பதினைந்து வருடம் மேசன்மாருக்குச் சாந்து குழைத்தார். வேலணையில் ஒரு வீட்டில் குசினியில் சமையல் மேடைத் தட்டு கட்டும்போது, "அண்ணை, உது அந்த அக்காவின்ரை நெஞ்சுக்கு வரும். அவ என்னண்டு தேங்காய் திருவுறது?" என்று கேட்டிருக்கிறார். மேசன் சிரித்தார். வீட்டுக்கார அம்மா சிரிக்கவில்லை. கட்டிய தட்டை உடைப்பித்து, அன்ரனிட்டா காட்டிய உயரத்தில் மறுபடி கட்டுவித்தார். அன்றிலிருந்து தீவுப்பகுதியில் யாராவது குசினி திருத்தினால், முதலில் மேசனைக் கேட்கிறார்களோ இல்லையோ, அவரைக் கேட்கிறார்கள்.

அளக்கும் நாடாவை அவர் தொடுவதில்லை. ஒரு துண்டு வலைநூல்தான். பெண்ணைச் சுவரோடு நிற்கவைத்து, குதிக்காலிலிருந்து முழங்கைவரை நூலைப் பிடித்து ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒரு முடிச்சு, கை எட்டும் உயரத்துக்கு ஒரு முடிச்சு. இப்படி எழுபதுக்கு மேற்பட்ட நூல்களை ஒரு பிஸ்கற் ரின்னில் சுருட்டி வைத்திருக்கிறார். பெயர் எழுதிவைப்பதில்லை, நூலை விரலில் உருட்டியதும் ஆளைச் சொல்கிறார். ஒருநாள் எனக்கு எடுத்துக் காட்டினார்.

"இவ கரம்பொன் ரீச்சர். இது சரவணையிலை ஒரு பிள்ளை, கலியாணம் கட்டின புதுசு. இவ..." ஒரு நூலை வெளிச்சத்தில் பிடித்தார். "இவவுக்கு இப்ப முதுகு கூனிப்போச்சு, மாஸ்ரர். ஒருக்காப் போய்த் தட்டை இறக்கிக் குடுக்க வேணும்."

யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. அவரே கோயில் திருவிழாவில் கண்டிருக்கிறார்.

கோசலாவின் நூலில் முடிச்சுப் போடும்போது மட்டும் சற்று நேரம் எடுத்தார். கோசலாவுக்கு வலது கை, தோளுக்குக் கீழே நாலு விரற்கடை அளவுதான். ஐந்து வயதில் இந்த ஊரைவிட்டு இடம்பெயர்ந்தவள். வன்னியில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்து, இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரே செல் வெடிப்பில் கணவனையும் கையையும் இழந்து, நாலு வயது மகளோடு தகப்பனின் பாழடைந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். ஊர்காவற்றுறையில் உள்ள அலுவலகங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கொடுக்கிறாள். தினமும் பதினெட்டுப் பார்சல். கறிகளை அவள் ஒற்றைக் கையால் வைப்பாள். சோறு வடிப்பது மட்டும் மகள் இந்துஜா. உலை கொதித்து நுரை தள்ளியதும் "இந்து!" என்று ஒரு குரல் கேட்கும். பன்னிரண்டு வயதிலிருந்து அந்தப் பிள்ளை புத்தகத்தை அப்படியே குப்புறப் போட்டுவிட்டு, கைப்பிடித் துணிகளோடு ஓடிவரும்.

இப்போது இந்துஜாவுக்கு மட்டக்களப்பில் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருக்கிறது. விவசாயம் படிக்கலாம். பிள்ளை போகமாட்டேன் என்று நின்றது.

"நான் போனால் சோறு ஆர் வடிக்கிறது?"

சிரிப்பான கேள்விபோல் இருக்கும். அந்த வீட்டின் பிழைப்பே அதில்தான் இருந்தது. மின்சாரச் சோற்றுப்பானை மூன்று பேருக்குக் காணும், பதினெட்டுப் பேருக்குக் காணாது. ஆள் பிடித்தால் உழைப்பில் ஒன்றும் மிஞ்சாது. அறுபத்தாறு வயது எனக்கு. சோறு வடிக்க இரண்டு கை வேண்டும் என்பதையே அன்றைக்குத்தான் முதன்முதலாக யோசித்தேன்.

கனடாவில் இருக்கும் கோசலாவின் தமையன், வீட்டைத் திருத்தக் கொஞ்சக் காசும், எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு ஒரு படமும் அனுப்பியிருந்தார். காசில் பெரும்பகுதி கூரையோடு முடிந்தது. படம் மிச்சமிருந்தது. சுவர் நிறைய மேல் அலுமாரிகளும் பளபளக்கும் கல்லும் கொண்ட குசினி அது. மேசன் தில்லைநாதன் அந்தப் படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிக் காட்டி, "கல்லு இல்லாட்டிலும் அலுமாரியைச் செய்யலாம். மலிவான பலகை கிடக்கு," என்றார்.

"மேல அலுமாரி வேண்டாம், அண்ணை."

"ஏன்? இடம் மிச்சம். வடிவாயுமிருக்கும்."

"ஒரு கையாலை கதவைத் திறந்தால் சாமானை ஆர் இறக்கிறது? வாயாலையே?"

தில்லைநாதன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார்.

அடுத்த நாள் காலையில் அன்ரனிட்டா செய்ததை நான் இன்னும் பலருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு துவாயை இந்துஜாவிடம் கொடுத்து, "பிள்ளை, என்ரை வலக்கையை இடுப்போடை சேர்த்துக் கட்டு. அவிழாமல் இறுக்கு," என்றார். கட்டிய பிறகு கோசலாவைக் கதிரையில் உட்காரவைத்தார்.

"இண்டைக்குப் பதினெட்டுப் பார்சலும் நான் சமைக்கிறன். நான் செய்யேக்கை உமக்கு எங்கை சிரிப்பு வருதோ, அங்கை நல்லாச் சிரியும். அடக்கிப்போடாதேயும்."

தேங்காயை உடைக்கப் போனார். அது உருண்டு போய்க் கதவடியில் நின்றது. கோசலா சிரித்தாள். "சொல்லும், நீர் என்னண்டு உடைக்கிறனீர்?" கோசலா எழுந்து வந்து, படிக்கட்டில் இருந்த ஒரு பள்ளத்தில் தேங்காயை அழுத்தி வைத்து ஒரே கொத்தில் பிளந்து காட்டினாள். வெங்காயம் வழுக்கி ஓடியது, சிரிப்பு. கோசலாவிடம் அதற்கு ஒரு முள்ளுக்கரண்டி இருந்தது. கறியைக் கிளறும்போது சட்டி அகப்பையோடு சேர்ந்து சுற்றியது, மறுபடி சிரிப்பு. கோசலா அடுப்புக் கல்லில் சட்டியின் காதை முட்டவைத்தாள். தூள் போத்தலின் மூடியை அன்ரனிட்டா பல்லால் கடித்துத் திருகியபோது, தாயும் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. ஒவ்வொரு சிரிப்புக்கும் பின்னால் கோசலா தனக்கென்று கண்டுபிடித்து, யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு வழி இருந்தது. அன்ரனிட்டா ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார்.

கடைசியில் உலை கொதித்தது. அன்ரனிட்டா இடது கையால் பானையின் ஒரு காதைப் பிடித்தார். தூக்கிப் பார்த்தார். விட்டுவிட்டார். அந்த இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. இந்துஜா எழுந்துவந்து வடித்தாள்.

பிறகு வேலை தொடங்கியது. புதிதாக வாங்கியவை மிகக் குறைவு. என் பழைய சன்னல் பலகைகள் மூன்று போயின. தரைக்குப் பதிக்கும் ரைல்ஸ் விற்கும் கடையில் வெவ்வேறு நிறத்தில் மிஞ்சிக் கிடந்த துண்டுகளை அன்ரனிட்டா கேட்டு வாங்கி வந்தார். தண்ணீர் வைக்கும் இடத்திலிருந்து அடுப்புவரை, அடுப்பிலிருந்து பார்சல் கட்டும் இடம்வரை ஒரே மட்டத்தில், கோசலாவின் நூலில் இருந்த இடுப்பு முடிச்சின் உயரத்தில் ஒரு தட்டு. மேலே பதித்த ரைல்ஸ் வழுவழுப்பாக இருப்பதால் கோசலா எதையும் தூக்கத் தேவையில்லை, தள்ளினால் போதும். சீமெந்து ஈரமாக இருக்கும்போதே தேங்காய்க்கு ஒரு குழி பதித்தார். வெங்காயத்தைக் குத்தி நிறுத்தத் தலைகீழாக இரண்டு ஆணி. சட்டிக் காதுக்கு அடுப்போரம் ஒரு கம்பி. தட்டின் விளிம்பில் கூம்பு வடிவில் ஒரு வெட்டு. அதில் சைக்கிள் ரியூப் ஒட்டியிருக்கும். போத்தலைச் செருகினால் அது பிடித்துக்கொள்ளும், மூடியை ஒரு கையால் திருகலாம். தேங்காய் திருவும் திருவலையைத் தட்டோடு ஆணியடித்து இறுக்கினார். தூள், சரக்கு, உப்பு, புளி எல்லாம் கோசலாவின் இடது கை தானாகப் போய் நிற்கும் பக்கத்தில், ஒரே வரிசையில்.

"அவசரப்படாதேங்கோ அண்ணை, சீமெந்து காஞ்சால் சொல்லுக் கேளாது," என்று தில்லைநாதனை இடைக்கிடை நிறுத்துவார். கோசலாவை அழைத்துக் கண்ணை மூடச்சொல்லி, "உப்பை எடும்," என்பார். கை போய் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. உப்புப் பேணிக்கு அதுதான் இடம்.

சோறு வடிக்கும் வழியை நான்தான் சொன்னேன். அதை மறைக்கப் போவதில்லை. நெம்புகோலைக் கரும்பலகையில் முப்பது வருடம் வரைந்தவனுக்கு இதென்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். பானையைத் தாங்க ஒரு இரும்புத் தொட்டில், இரண்டு பக்கமும் அச்சு, பின்னால் நீண்ட பிடி. பிடியை உயர்த்தினால் பானை தானாகச் சரியும். ஊர்காவற்றுறையில் வெல்டிங் கடை வைத்திருக்கும் சசிகரன் அதைச் செய்துகொண்டு வந்தான். வெறும் தண்ணீரை வைத்துப் பார்த்தோம். அழகாக வடிந்தது. தில்லைநாதன் கைதட்டினார். அன்ரனிட்டா மட்டும், "சோத்தை வைச்சும் ஒருக்காப் பாப்பம்," என்றார். பிடியைக் கோசலாவுக்குக் கொடுக்காமல் தானே பிடித்தார்.

பாதி சரிந்தபோது, உள்ளே இருந்த சோறு முழுவதும் ஒரே திரளாக வந்து மூடியில் மோதியது. மூடியைப் பிடித்திருந்த கொளுக்கி தெறித்தது. கொதிக்கும் கஞ்சியும் சோறும் அன்ரனிட்டாவின் இடது பாதத்தில் கொட்டின.

அவர் பிடியை விடாமல் பானையை நிமிர்த்திய பிறகுதான் பின்னால் நகர்ந்தார். கிணற்றடியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். தோல் வெள்ளையாகிப் பிறகு சிவந்தது. கோசலா அழுதுகொண்டே, "காணும் அக்கா. இருக்கிற மாதிரி இருக்கட்டும்," என்றாள். இந்துஜா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நான் போகேல்லை. முடிஞ்சுது கதை. இனி ஒருத்தரும் கதைக்கக் கூடாது."

நான் என் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்ரனிட்டா என்னைத்தான் முதலில் பார்த்தார்.

"நீங்கள் ஏன் மாஸ்ரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்கிறியள்? தண்ணி எண்டால் ஓடும். சோறு எண்டால் சேர்ந்து வரும். அது எனக்கெல்லோ தெரிஞ்சிருக்க வேணும்."

பல்கலைக்கழகப் பதிவுக்கு ஆறு நாள் இருந்தது. சசிகரன் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் மருந்து கட்டி, மண்டைதீவில் கொண்டுபோய் விட்டான். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தோம்.

மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு காலில் செருப்பு, மறு காலில் கட்டு. தோளில் ஒரு சுருள் படகுக் கயிறு.

"நாங்கள் எல்லாரும் தண்ணியை ஊத்திறதைப் பற்றியே யோசிச்சனாங்கள்," என்றார், கதிரையில் உட்காருமுன்பே. "நேற்று கரையிலை இருந்தனான். மனிசன் நண்டுக் கூடையைக் கடலுக்குள்ளையிருந்து தூக்கிறார். தூக்கத் தூக்கத் தண்ணி தானாப் போகுது. தண்ணியை விடுங்கோ. அது பானையிலையே கிடக்கட்டும். சோத்தைத் தூக்குவம்."

 முப்பது வருடத்தில் என் வகுப்பில் ஒரு பிள்ளையும் இப்படி ஒரு மறுமொழி சொன்னதில்லை.

சசிகரன் ஒரு அலுமினியப் பானையின் அடியிலும் பக்கங்களிலும் நெருக்கமாகச் சிறு துளைகள் போட்டான். அது பெரிய பானைக்குள் இறங்கி உட்காரும். அரிசி அதற்குள் வேகும். அடுப்புக்கு மேலே, புதுக் கூரைமரத்தில் ஒரு இரும்புக் குழாய் கட்டி, அதில் ஒரு கிணற்றுக் கப்பியைத் தொங்கவிட்டார்கள். உள்பானையின் பிடியில் சங்கிலி, சங்கிலியில் கயிறு. இழுத்தால் சோறு மேலே வரும். நிறுத்திப் பிடிக்க ஒரு கை காணாதே என்று தில்லைநாதன் கேட்டார். அன்ரனிட்டா சுவரில் அடித்திருந்த கட்டையைக் காட்டி, கயிற்றை ஒரே கையால் அதில் எட்டுப்போலச் சுற்றி இறுக்கினார். ஓடும் படகில் ஒரு கை சுக்கானில் இருக்க, மறு கையால் கயிறு கட்டும் முறை அது. கோசலாவை நூறுமுறை செய்யவைத்தார். வடிந்த பிறகு கப்பியைக் குழாயில் தள்ளினால், பானை தட்டுக்கு நேரே வந்து நிற்கும்.

கைபேசியில் பார்த்த தமையன், "இதென்ன, குசினியோ கிணறோ?" என்று கேட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகங்கள் பூட்டு என்றாலும், அயலவர்க்குக் கட்டிக் கொடுக்கலாம் என்று முழு அளவு அரிசி போட்டார்கள். பிள்ளை போவதென்றால் அன்றிரவு பஸ் எடுக்க வேண்டும். பயணப்பை பாதி அடுக்கியபடி கட்டிலில் கிடந்தது. நாங்கள் மூன்று ஆண்களும் வாசலில் நின்றோம். உள்ளே, சுவரோரம் இருந்த வாங்கில் அன்ரனிட்டாவும் இந்துஜாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

உலை நுரைத்தது. கோசலா விறகைப் பின்னுக்கு இழுத்தாள். யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் இந்துஜா எழுந்துவிட்டாள். எட்டு வருடத்துப் பழக்கம். அன்ரனிட்டா தலை திருப்பாமலே கையை நீட்டி, பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து, மறுபடி உட்காரவைத்தார்.

கோசலா கயிற்றை இழுத்தாள். சங்கிலி இறுகியது. ஆவிக்குள்ளிருந்து துளைப்பானை மெல்ல மேலே வந்தது. முதற் சுற்றுக் கட்டையில் பிடிக்காமல் வழுக்கி, பானை ஒரு சாண் கீழே விழுந்து கஞ்சி தெறித்தது. இந்துஜா முன்னால் துள்ளினாள். அன்ரனிட்டாவின் பிடி அவளை விடவில்லை. கோசலா கயிற்றின்மேல் ஒரு காலை வைத்து அழுத்திக்கொண்டு, கையை மேலே நகர்த்திப் பிடித்து, மறுபடி சுற்றினாள். ஒரு எட்டு. இன்னொரு எட்டு. கயிறு நின்றது. பானையின் எல்லாத் துளைகளிலிருந்தும் கஞ்சி மழைபோல் இறங்கியது.  அது சொட்டுச் சொட்டாகி நின்றபோது அவள் பானையைக் கைப்பிடித் துணியால் தள்ளித் தட்டுக்கு நேரே கொண்டுபோய், கயிற்றை இளக்கி இறக்கினாள். ஒரு சோற்றை எடுத்து விரலில் நசித்துப் பார்த்தாள்.

"இந்து, பார்சல் பேப்பரை எடுத்து விரி. ஏன் பாத்துக்கொண்டு இருக்கிறாய்?" என்றாள், திரும்பாமலே.

இந்துஜா எழும்ப முயன்றாள், முடியவில்லை. அன்ரனிட்டா அப்போதுதான் தன் கையைக் கவனித்தார். விரல்கள் வெளிறி விறைத்திருந்தன. மற்றக் கையால் அவற்றைப் பிடித்து, ஒவ்வொன்றாகத் திறந்தார். பிள்ளையின் மணிக்கட்டில் நாலு விரலும் பதிந்து சிவந்திருந்தன.